ஹெபடைடிஸ் சி வைரஸும் நோய் எதிர்ப்புச் செல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெபடைடிஸ் சி என்றதும் கல்லீரல்தான் நினைவுக்கு வரும். வைரஸ் பெருகும் இடம் அதுதான் என்பதால் இதில் தவறில்லை. ஆனால் அந்த வைரஸ் ஒருவர் உடலில் இருபது, முப்பது ஆண்டுகள் குடியிருக்கிறது என்றால், அத்தனை காலமும் அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் நோயின் பாதிக் கதை விளங்கிவிடும். நோயாளிகளும் குடும்பத்தாரும் மருத்துவ மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவை மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பக்கம் உதவும்.

இது எப்படிப்பட்ட வைரஸ்?

ஒற்றை இழை ஆர்.என்.ஏ. கொண்ட சிறிய வைரஸ். அதன் மரபணுத் தொகுதியின் நீளம் சுமார் 9,600 எழுத்துகள்தான். அதிலிருந்து ஒரே ஒரு நீண்ட புரதம் உருவாகிப் பின்னர் 10 புரதங்களாக வெட்டப்படுகிறது. அந்தப் பத்தில் இரண்டின் பெயர் இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரும். ஒன்று வைரஸின் மேலுறையில் இருக்கும் ஈ2. மற்றொன்று வெட்டும் வேலை செய்யும் என்.எஸ்.3, இது என்.எஸ்.4ஏ என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து இயங்கும்.

1970களில், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஏ, பி இரண்டுமல்லாத ஒரு கல்லீரல் அழற்சி வருகிறது என்று காட்டியவர் ஹார்வி ஆல்டர். 1989இல் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் வைரஸின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஆர்.என்.ஏ. ஒன்றே நோயை உண்டாக்கப் போதும் என்று 1997இல் சார்லஸ் ரைஸ் குழு நிறுவியது. மூவருக்கும் 2020ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்த வைரஸைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் கோடி வைரஸ் துகள்கள் உண்டாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிழையும் இவ்வளவு பெருக்கமும் சேர்ந்தால் என்னவாகும் என்பதைக் கீழே வரும் பதில்களில் பார்க்கலாம்.

இந்த வைரஸ் நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் நுழைகிறதா?

கல்லீரல் செல்லுக்குள் நுழைந்து பெருகுவதைப் போல இல்லை. நுழையவே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

கல்லீரல் செல்லுக்குள் போக வைரஸுக்குக் குறைந்தது நான்கு புரதங்களின் துணை வேண்டும்: சி.டி.81, எஸ்.ஆர்.-பி.1, கிளாடின்-1, ஆக்ளூடின். இவற்றில் சி.டி.81ஐ ஈ2 புரதம் பற்றிக்கொள்கிறது என்று 1998இல் கண்டறிந்தார்கள். சி.டி.81 கல்லீரலுக்கு மட்டும் உரியதன்று. எதிர்ப்பான் தயாரிக்கும் பி செல், தொற்றிய செல்லை அடையாளம் காணும் டி செல், இயற்கைக் கொல்லி செல் என எல்லாவற்றின் மேலும் தாராளமாக இருக்கிறது. அதனால்தான் வெள்ளை அணுக்களையும் வைரஸ் தாக்கும் என்ற எதிர்பார்ப்பு அப்போது வலுத்தது.

ஆனால் லிம்போசைட்டுகளில், அதாவது மேலே சொன்ன வெள்ளை அணுக்களில், கிளாடின்-1 கிட்டத்தட்ட இல்லை. இன்னொரு தடையும் இருக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ. சிதையாமல் நிலைத்துப் பெருக மைக்ரோ ஆர்.என்.ஏ.-122 என்ற சிறு மூலக்கூறு வேண்டும். அது கல்லீரல் செல்லில் அபரிமிதமாக இருக்கிறது, வெள்ளை அணுக்களில் மிகச் சொற்பம். ஆகவே வைரஸ் லிம்போசைட்டின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே போய்ப் பெருகுவது எளிதன்று. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் ரகங்கள் பெரும்பாலும் வெள்ளை அணுக்களில் பெருகுவதில்லை.

அப்படியென்றால் வெள்ளை அணுக்களில் வைரஸ் இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் பொய்யா?

பொய்யில்லை. எதை எப்படி அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

நோயாளியின் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தால் வைரஸ் ஆர்.என்.ஏ. கிடைப்பது சகஜம். ஆனால் இரத்தம் முழுக்க வைரஸ் மிதக்கும்போது அணுவின் மேல் சில துகள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. எதிர்ப்பான்களோடு பிணைந்த வைரஸை மோனோசைட் என்ற வெள்ளை அணு விழுங்கியும் இருக்கலாம். அதற்குத் தொற்று என்று பெயரில்லை.

பெருகுகிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. துகளுக்குள் இருப்பது நேர் இழை. படியெடுக்கும்போது மட்டும் இடைநிலையாக எதிர் இழை உருவாகிறது. செல்லுக்குள் எதிர் இழை கிடைத்தால் அங்கே படியெடுப்பு நடக்கிறது என்று பொருள். கேட்க எளிதாக இருக்கிறது, செய்வதோ பெரும்பாடு. எதிர் இழைக்கென்று வடிவமைத்த பி.சி.ஆர். சோதனை, அருகில் நேர் இழை மிகுந்திருந்தால் ஏமாந்து பொய்யான நேர்மறை முடிவைத் தந்துவிடும். பழைய ஆய்வுகள் பலவற்றின் மேல் ஐயம் எழுந்ததற்கு இதுதான் காரணம்.

கவனமாகச் செய்த சோதனைகளிலும் சிலருடைய பி செல்களில் எதிர் இழை கிடைத்திருக்கிறது. ஒரே நோயாளியின் இரத்த நீரில் ஒரு வரிசையும், வெள்ளை அணுவில் சற்றே மாறுபட்ட வரிசையும் இருந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. ஒட்டிக்கொண்ட வைரஸ் மட்டும்தான் என்றால் இந்த வேறுபாடு வரக் கூடாது. பி செல் லிம்போமா (பி செல்களில் வரும் புற்றுநோய்) நோயாளி ஒருவரின் செல்களிலிருந்து பிரித்த எஸ்.பி. என்ற ரகம் லிம்போசைட்டுகளில் பெருகுவதாகக் காட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ரகங்கள் நினைவு பி செல்களுக்குள் நுழைய பி7.2 என்ற புரதத்தைத் துணை ஏற்பியாகப் பயன்படுத்துகின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. டி செல்களைப் பொறுத்தவரை சி.டி.5 என்ற புரதத்தின் பெயர் அடிபடுகிறது.

என் கணிப்பு இது: வெள்ளை அணுக்களில் சிலருக்கு, சில ரகங்களால், மிகக் குறைந்த அளவில் தொற்று நடக்கிறது. ஆனால் இந்த நோயில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவற்றை விளக்க நேரடித் தொற்று தேவையே இல்லை. செல்லுக்கு வெளியே நின்றபடியே இந்த வைரஸ் செய்யும் காரியம் அதைவிடப் பெரிது.

எச்.ஐ.வி.யைப் போல இதுவும் வெள்ளை அணுக்களை அழித்துவிடுமா?

இல்லை. எச்.ஐ.வி., சி.டி.4 என்ற துணை வகை டி செல்களைக் குறிவைத்துக் காலி செய்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸ் அப்படிச் செய்வதில்லை. நோயாளிக்கு மற்றக் கிருமிகளை எதிர்க்கும் வலிமை பெரும்பாலும் அப்படியே இருக்கும். இந்த ஒரு வைரஸை எதிர்க்க வேண்டிய செல்கள்தாம் முடங்குகின்றன. இரண்டு வைரஸ்களும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் நிலைமை வேறு: சி.டி.4 குறையக் குறையக் கல்லீரலில் வடு படிவது வேகமெடுக்கும்.

தொற்றிய உடனேயே உடல் ஏன் அதைக் கண்டுபிடித்து விரட்டுவதில்லை?

கண்டுபிடிக்கிறது. சேதியை அனுப்ப முடியாமல் போகிறது.

செல்லுக்குள் அந்நிய ஆர்.என்.ஏ. வந்தால் ரிக்-ஐ என்ற உணரி அதை அடையாளம் காண்கிறது. அது மைட்டோகாண்ட்ரியாவின் மேல் இருக்கும் மேவ்ஸ் என்ற புரதத்துக்குத் தெரிவிக்க, மேவ்ஸ் வழியாக, வைரஸை எதிர்க்கத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற பொருள் சுரக்க வேண்டும். வைரஸின் என்.எஸ்.3/4ஏ நொதி நேராகப் போய் மேவ்ஸையே வெட்டிவிடுகிறது. அபாய மணியின் கயிற்றை அறுப்பதைப் போல. 2005இல் இதைக் கண்டறிந்தபோது பலரும் வியந்தார்கள். தன் சொந்தப் புரதங்களை வெட்டுவதற்கென்று வைத்திருக்கும் அதே நொதியால், நம் காவல் அமைப்பின் ஒரு கண்ணியையும் வைரஸ் வெட்டுகிறது. டிரிஃப் என்ற மற்றொரு சேதித் தொடரையும் அதே நொதி முடக்குகிறது.

அப்படியும் கல்லீரலில் இன்டர்ஃபெரானின் தடயங்கள் தெரிகின்றன. தொற்றுள்ள கல்லீரல் செல் தன் அருகில் ஒட்டி நிற்கும் பிளாஸ்மாசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லுக்கு, நுண்பைகளில் வைத்து வைரஸ் ஆர்.என்.ஏ.வைக் கடத்துகிறது. அந்தச் செல்லில் மேவ்ஸை வெட்ட வைரஸின் நொதி இல்லை. ஆகவே அது டி.எல்.ஆர்.7 என்ற உணரி வழியே இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. இருந்தும் நாட்பட்ட நோயாளிகளின் கல்லீரலில் இன்டர்ஃபெரானால் தூண்டப்பட்ட மரபணுக்கள் ஆண்டுக்கணக்கில் விழித்திருக்க, வைரஸும் பக்கத்திலேயே வாழ்கிறது. பழைய இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்குப் பலிக்காமல் போனதற்கு இது ஒரு காரணம். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் செல்களை மேலும் தூண்ட இடமில்லை.

இயற்கைக் கொல்லி செல்கள் என்னவாகின்றன?

ஈ2 புரதம் இவற்றின் மேலுள்ள சி.டி.81ஐ இறுகப் பற்றினால் இவற்றின் செயல் அடங்குகிறது என்று 2002இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அங்கே பயன்படுத்தியது தட்டில் பூசிய செறிவான புரதம். முழு வைரஸ் துகளைக் கொண்டு செய்தபோது அந்த விளைவு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. எனவே உடலுக்குள்ளும் இப்படியே நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நோயாளிகளிடம் நேரடியாகப் பார்த்தது இன்னும் சுவையானது. அவர்களுடைய கொல்லி செல்கள் கொல்லும் திறனில் குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கின்றன. குறைந்திருப்பது இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும் திறன். செல்லைக் கொல்லாமலே வைரஸை அடக்கக்கூடியது அந்தப் பொருள்தான். ஆக, கல்லீரலைக் காயப்படுத்தும் வேலை தொடர்கிறது, வைரஸை அடக்கும் வேலை தொய்வடைகிறது.

மேக்ரோபேஜ்களும் டென்ட்ரிட்டிக் செல்களும்?

கல்லீரலில் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் மேக்ரோபேஜ்களான குஃப்பர் செல்கள் வைரஸை விழுங்குகின்றன. உள்ளே அது பெருகுவதில்லை என்றாலும், அதன் ஆர்.என்.ஏ.வால் தூண்டப்பட்டு இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைக் கொட்டுகின்றன. பல ஆண்டுகள் நீடிக்கும் அழற்சியில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. டென்ட்ரிட்டிக் செல்களின் மேலுள்ள டி.சி.-சைன் என்ற புரதம் வைரஸைப் பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லீரல் செல்லுக்குக் கைமாற்றிவிடக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. டென்ட்ரிட்டிக் செல்களே பழுதடைகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

டி செல்கள் 'களைத்துப்போகின்றன' என்கிறார்களே, அது என்ன?

இந்த நோயின் மையமே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வைரஸை முழுமையாக ஒழிப்பவை டி செல்கள். இதற்கு வலுவான சான்று 2003இல் சிம்பன்சிகளிடம் செய்த சோதனைகளில் கிடைத்தது. தொற்றிலிருந்து ஏற்கெனவே மீண்ட விலங்குகளுக்கு வைரஸை மறுபடி செலுத்தினால் விரைவில் ஒழித்துவிட்டன. கொல்லும் வகை டி செல்களான சி.டி.8 செல்களை அகற்றிவிட்டுச் செலுத்தியபோது, அந்தச் செல்கள் திரும்பி வரும்வரை வைரஸ் போகவில்லை. சி.டி.4 செல்களை அகற்றியபோது சி.டி.8 இருந்தும் பயனில்லை; வைரஸ் உருமாறித் தப்பி, நிலைத்துவிட்டது. கொல்வது சி.டி.8 என்றால், அதைத் தாங்கிப் பிடிப்பது சி.டி.4.

மனிதர்களிலும் இதே கதைதான். தொற்றியவர் இரத்தத்தில் ஓரிரு வாரங்களில் வைரஸ் தெரிய ஆரம்பிக்கும். டி செல்கள் களமிறங்கச் சில வாரங்கள், சமயங்களில் இரண்டு மாதங்கள்கூட ஆகும். அப்போது வைரஸின் பல பகுதிகளை ஒரே நேரத்தில் குறிவைக்கும் சி.டி.4 அணி உருவாகி, சோராமல் நின்றால் நோய் தானாகத் தீரும். நாட்பட்ட நோயாளிகள் பலரிடமும் தொடக்கத்தில் இந்த அணி தோன்றத்தான் செய்கிறது. சில வாரங்களில் அது கரைந்துபோகிறது. ஏன் கரைகிறது என்பது இந்தத் துறையின் பெரிய புதிர்களில் ஒன்று.

துணையை இழந்த சி.டி.8 செல்லுக்கு இரண்டு கதிகள் உண்டு. அது குறிவைத்த பகுதியில் வைரஸ் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டால், செல்லுக்கு எதிரியைத் தெரியாமல் போகிறது. வேலையின்றிக் கிடந்தாலும் ஆரோக்கியமாகவே இருக்கும். வைரஸ் மாறாமல் நாள்தோறும் அதே பகுதியைக் காட்டிக்கொண்டிருந்தால்தான் களைப்பு தொடங்குகிறது. முதலில் பெருகும் திறன் போகும். பிறகு ஒவ்வொன்றாகச் சுரப்புப் பொருள்கள் நிற்கும். செல்லின் மேல் பி.டி.-1, டிம்-3 போன்ற தடைப் புரதங்கள் குவியும். செல்லின் உட்கருவில் டாக்ஸ் என்ற புரதம் இந்தக் களைத்த நிலையை நிலைநிறுத்துகிறது. செல் சாகவில்லை, எதிரியும் கண்ணெதிரே இருக்கிறது. கை ஓங்க மாட்டேன் என்கிறது.

இது வெறும் தோல்வியும் அன்று. ஒரு லட்சம் கோடி வைரஸ் துகள்களை எதிர்த்து டி செல்கள் முழு வேகத்தில் கொன்றுகொண்டே போனால் கல்லீரலே மிஞ்சாது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்துகொண்ட சமரசம் என்றும் இந்தக் களைப்பைப் பார்க்கிறார்கள். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கல்லீரலில் கூடுவதும் இந்த வகைதான்.

சிலருக்கு மட்டும் தானாகச் சரியாவது எப்படி?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதத்தினர், அதாவது 15 முதல் 45 சதவீதம் வரை, 6 மாதங்களுக்குள் சிகிச்சையின்றியே வைரஸை ஒழித்துவிடுகிறார்கள். காரணத்தைப் பிரித்தறிய ஒரு துயர நிகழ்வு உதவியது. 1977-78இல் அயர்லாந்தில் ஆர்.எச். நெகட்டிவ் இரத்த வகைத் தாய்மார்களுக்குப் போடப்பட்ட ஆன்டி-டி என்ற எதிர்ப்பான் மருந்தில் இந்த வைரஸ் கலந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது தொற்றின் தடயம் இருந்த 704 பெண்களில் 390 பேரிடம் மட்டுமே வைரஸ் இருந்தது. ஒரே மூலத்திலிருந்து வந்த வைரஸ், ஒத்த வயதுப் பெண்கள், ஆனாலும் இரண்டு முடிவுகள். ஆகவே வேறுபாடு அவரவர் உடலில்தான் இருக்க வேண்டும்.

எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு வகை உடையவர்கள் அதிகம் தப்பினார்கள். அவர்களுடைய டி செல்கள் பார்க்கும் பகுதியை வைரஸ் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது. மாற்றினால் அதன் பெருக்கமே படுத்துவிடும். கொல்லி செல்களின் கே.ஐ.ஆர். மரபணுக்களுக்கும் பங்கு இருப்பதாக 2004இல் தெரிந்தது. எல்லாவற்றையும்விட அழுத்தமான சான்று 2009இல் கிடைத்தது: லாம்டா இன்டர்ஃபெரான் மரபணுக்களின் அருகிலுள்ள ஓரெழுத்து வேறுபாடு. இதில் ஒரு விநோதம் உண்டு. ஐ.எஃப்.என்.எல்.4 என்ற இன்டர்ஃபெரானை உருவாக்க இயலாதவர்களே வைரஸை எளிதாக ஒழிக்கிறார்கள்.

எதிர்ப்பான்கள் உருவாகின்றனவே, அவை காப்பாற்றாதா?

பெரும்பாலும் இல்லை. ஈ2 புரதத்தின் முனையில் மிக வேகமாக மாறும் ஒரு பகுதி இருக்கிறது. உடல் அதற்கு எதிர்ப்பான் தயாரித்து முடிப்பதற்குள் அது வேறாகியிருக்கும். மாறாத பகுதிகளைச் சர்க்கரை மூலக்கூறுகள் மூடியிருக்கின்றன. போதாததற்கு, வைரஸ் துகள் நம் உடலின் கொழுப்புப் புரதங்களோடு பிணைந்து, அவற்றில் ஒன்றைப் போலவே இரத்தத்தில் உலவுகிறது.

பரிசோதனை அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். எதிர்ப்பான் இருக்கிறது என்றால் என்றோ தொற்று ஏற்பட்டது என்று மட்டுமே பொருள். குணமான பின்னும் அது பல ஆண்டுகள் இருக்கும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும்.

கல்லீரலைக் கெடுப்பது வைரஸா, நோய் எதிர்ப்பு மண்டலமா?

பெரும்பங்கு நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு. வைரஸ் தான் புகுந்த செல்லைப் பொதுவாக உடனே கொல்வதில்லை. வைரஸை ஒழிக்கப் போதாத, ஆனால் ஓயவும் ஓயாத அழற்சிதான் கல்லீரல் செல்களைக் கொல்கிறது. அதற்கு எதிர்வினையாக ஸ்டெல்லேட் செல்கள் நார்ப்பொருளைப் படியவிடுகின்றன. நாட்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதத்தினருக்கு 20 ஆண்டுகளுக்குள் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்க வடுப்படும் நிலை, வரக்கூடும்.

காலில் செந்நிறப் புள்ளிகள், மூட்டு வலி, மரத்துப்போதல். இவற்றுக்கும் இந்த வைரஸுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். இந்தத் தொடர்பு தவறவிடப்படுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். தோல் மருத்துவர், மூட்டு மருத்துவர், நரம்பு மருத்துவர் என்று அலைந்து, கடைசியில்தான் ஹெபடைடிஸ் சி சோதனைக்கு வந்து சேர்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கணக்கில் வைரஸால் தூண்டப்படும் பி செல்களில் ஒரு குலம் மட்டும் மற்றவற்றை மிஞ்சிப் பெருகுகிறது. அந்தச் செல்கள் சுரக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பான், நம் உடலின் மற்ற எதிர்ப்பான்களையே பற்றிக்கொள்ளும் ருமட்டாய்டு காரணியாக இருக்கிறது. இப்படிப் பிணைந்த கூட்டுப்பொருள் குளிரில் படிந்துவிடும். அதற்குக் கிரையோகுளோபுலின் என்று பெயர். நாட்பட்ட நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேரின் இரத்தத்தில் இதைக் காணலாம். தொல்லை தருவது அவர்களில் சிறு பங்கினருக்குத்தான். அது சிறு இரத்தக் குழாய்களில் படியும்போது காலில் விரலால் தடவினாலே மேடாகத் தட்டுப்படும் செம்புள்ளிகள், மூட்டு வலி, அயர்ச்சி, பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போதலும், சிலருக்குச் சிறுநீரக அழற்சியும் வரும். இரத்தத்தில் சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதம் வெகுவாகக் குறைந்திருப்பது நல்ல துப்பு.

இந்தச் சோதனை கெட்டுப்போவது எளிது. எடுத்த இரத்தத்தை 37 டிகிரி சூட்டிலேயே வைத்து உறையவிட்டு, சூடு ஆறாமல் சீரத்தைப் பிரிக்க வேண்டும். அதன் பிறகே 4 டிகிரி குளிரில் வைத்து, ஒரு வாரம்வரை படிவு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். குழாயைச் சாதாரணமாக மேசையில் வைத்துவிட்டால், தேடும் பொருள் உறைந்த கட்டியோடு சேர்ந்து வெளியேறி, அறிக்கையில் 'இல்லை' என்று வந்துவிடும். அறிகுறிகள் பலமாக இருந்து முடிவு மட்டும் எதிர்மறை என்றால், மாதிரி எப்படிக் கையாளப்பட்டது என்று தயங்காமல் கேளுங்கள்.

இது புற்றுநோயாக மாறுமா?

அரிதாக. நாட்பட்ட தொற்று உள்ளவர்களுக்குப் பி செல் லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், ஆனாலும் தனி ஒருவருக்கு அந்த ஆபத்து சிறிதுதான். இந்த வைரஸ் நம் டி.என்.ஏ.வுக்குள் தன்னைச் செருகிக்கொள்வதில்லை. ஓயாத தூண்டுதலே முக்கியக் காரணம் என்பதற்கு அருமையான சான்று 2002இல் வெளியானது. மண்ணீரலில் வரும் ஒரு வகை லிம்போமாவும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்திருந்த 9 பேருக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தபோது, வைரஸ் ஒழிந்த 7 பேருக்கு லிம்போமாவும் முழுமையாகத் தணிந்தது. அதே லிம்போமா இருந்து வைரஸ் இல்லாதவர்களுக்கு அந்த மருந்து பலிக்கவில்லை. வைரஸை அகற்றினால் புற்று அடங்கும் என்று கண்ணெதிரே காட்டிய ஆய்வு அது.

மருந்தால் குணமான பிறகு நோய் எதிர்ப்புச் செல்கள் பழையபடி ஆகுமா?

ஓரளவு. இன்றைய நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் 8 முதல் 12 வாரங்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களைக் குணப்படுத்துகின்றன. இவை என்.எஸ்.3/4ஏ நொதியையோ, என்.எஸ்.5ஏ, என்.எஸ்.5பி புரதங்களையோ முடக்குகின்றன. கொல்லி செல்கள் விரைவில் இயல்புக்குத் திரும்புகின்றன. கல்லீரலில் இன்டர்ஃபெரான் தூண்டிய மரபணுக்களும் அடங்குகின்றன.

டி செல்கள் கதை அப்படியில்லை. முற்றிலும் களைத்தவை மறைகின்றன. டி.சி.எஃப்.-1 என்ற புரதம் கொண்ட, நினைவுச் செல் போன்ற ஒரு பகுதி எஞ்சுகிறது. பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் அவற்றின் டி.என்.ஏ. மடிப்புகளில் களைப்பின் தழும்பு அழியாமல் இருக்கிறது. ஆகவே மாத்திரையால் குணமானவருக்கு எதிர்காலத் தொற்றிலிருந்து நம்பகமான பாதுகாப்பு கிடையாது. மறுபடி வைரஸ் நுழைந்தால் மறுபடி தொற்றும். கிரையோகுளோபுலின் தொல்லை பெரும்பாலோருக்குக் குறைந்தாலும், அதைச் சுரக்கும் பி செல் குலம் சிலரிடம் தங்கிவிடுகிறது. கடுமையான இரத்தக் குழாய் அழற்சிக்கு, பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து தேவைப்படுவதும் உண்டு.

வெள்ளை அணுக்களில் ஒளிந்திருந்து வைரஸ் திரும்ப வருமா?

நடைமுறையில் இந்த அச்சம் தேவையில்லை. சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் கழித்து இரத்தத்தில் ஆர்.என்.ஏ. இல்லை என்றால் குணம் என்கிறோம். அதற்குப் பிறகு பழைய வைரஸ் தலைகாட்டுவது மிக அரிது. ஒளிந்திருக்கும் தொற்று என்ற ஒன்றை 2004இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அடுத்தடுத்த ஆய்வகங்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. எச்.ஐ.வி.யைப் போலவோ ஹெபடைடிஸ் பியைப் போலவோ இந்த வைரஸுக்குச் செல்லின் உட்கருவில் நிரந்தரச் சேமிப்பு கிடையாது. குணப்படுத்த முடிந்ததே அதனால்தான்.

சிகிச்சைக்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை எதற்கு?

ஹெபடைடிஸ் சி இருக்கும்போது கல்லீரலில் சுரக்கும் இன்டர்ஃபெரான், பக்கத்தில் இருக்கும் பி வைரஸையும் அடக்கிவைக்கும். சி போனதும் அந்தப் பிடி தளர்ந்து பி கிளர்ந்தெழலாம். உயிருக்கே ஆபத்தான நிகழ்வுகள் நேர்ந்ததால் 2016இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை?

வைரஸின் 8 மரபு வகைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓயாத மாற்றம், ஏய்க்கும் உறை. எதிர்ப்பானை விட்டுவிட்டு டி செல்களைத் தயார்செய்யும் தடுப்பூசி ஒன்று மனிதர்களில் சோதிக்கப்பட்டு 2021இல் முடிவு வெளியானது. டி செல்கள் உருவாயின, வைரஸின் உச்ச அளவும் குறைந்தது. ஆனால் நாட்பட்ட தொற்று, தடுப்பூசி பெற்றவர்கள், போலி ஊசி பெற்றவர்கள் என இரு தரப்பிலும் தலா 14 பேருக்கு, சமமாகவே வந்தது.

கல்லீரல் பரிசோதனை இயல்பாக இருக்கிறது, ஆர்.என்.ஏ. மட்டும் இருக்கிறது. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இரத்தத்தில் கல்லீரல் நொதி அளவுகள் இயல்பாக இருக்கும்போதும் டி செல்கள் களைத்துக்கொண்டும், பி செல்கள் தூண்டப்பட்டுக்கொண்டும், நார்ப்பொருள் படிந்துகொண்டும் இருக்கலாம். கல்லீரல் கெடும்வரை பொறுத்திருந்து மருந்து கொடுத்தது இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்து வழக்கம். அதன் பக்கவிளைவுகள் அவ்வளவு கடுமையானவை. இன்றைய மாத்திரைகளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. நாட்பட்ட தொற்றுள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் சிகிச்சை தரலாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிரோசிஸ் வந்த பின் குணமானவர்கள், வைரஸ் போன பின்னும் கல்லீரல் புற்றுநோய்க்காக 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வடு படியும் முன்பே குணமானவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.